கடைமடையிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

வைகைப் படுகையின் ஈரநிலங்களை மீட்கத் திட்டம் எழுதும் குழுவில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எந்தக் கண்மாயை முதலில் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சீமையில் தனிக் கண்மாய் என்று ஒன்று கிடைப்பதே அரிது. மேல்கண்மாயின் கலுங்கில் மறுகால் போனால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். இடையில் ஒன்றை மட்டும் பிடித்து ஆழப்படுத்தினால், அது தன் வயிறு நிறையும்வரை கீழே இருப்பவற்றைப் பட்டினி போட்டுவிடும்.

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்கிறது. மிஞ்சினால்தான் கடல். வந்து சேர்கிறது என்பதெல்லாம் ஏட்டில். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1959-இல் வைகை அணை வந்தது. விரகனூரிலும் பார்த்திபனூரிலும் மதகணைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வயலை வாழவைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கு பிரித்தபோது நாரைக்கும் கெளுத்திக்கும் இவ்வளவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கடைமடைச் சம்சாரியின் பங்கே இழுபறியாக இருக்கும்போது நாரையை யார் நினைப்பார்கள்? அதனால் பெரிய கண்மாயில் தொடங்கி ஆற்றோடு மேலே போ. எல்லோரும் அணையிலிருந்து கீழே வருவார்கள். கீழே வருவதற்குள் திட்டத்தின் பணமும் தீர்ந்துவிடும்.

போகும் வழியில் ஒவ்வொரு கலுங்கிலும் நின்று பார். வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே புது மண்ணும் வைக்கோலும் திணித்திருந்தால், மேலூர்க்காரர்கள் மட்டத்தை உயர்த்தித் தேக்குகிறார்கள் என்று பொருள். அதனால் உள்வாயை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவருக்குப் பயிர் முழுகும். கீழூருக்கு மறுகால் தாமதமாகும். அடிதடி நடந்த ஊர்கள் உண்டு. உன் செயற்கைக்கோள் படத்தில் அந்த ஒரு சாண் மண் தெரியாது. வரத்துக் கால்வாயின் தலையையும் பார்த்துவிடு. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோன இடங்களில் கால்வாய் வாய் அந்தரத்தில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் உள்ளே ஏறாது. அங்கே கண்மாயைத் தூர்வாரி என்ன பயன்?

சட்டத்தையும் படித்துக்கொள். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. ராம்சார் உடன்படிக்கையில் அந்த விலக்கு இல்லை. அதனால்தான் ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் அதன் பட்டியலில் ஏறின. நான்கும் பாசனக் கண்மாய்கள்தாம். சரணாலயப் பெயர் கிடைக்காத மற்றக் கண்மாய்களுக்கு இந்த விதிகள் துணைக்கு வரமாட்டா. 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற உதவும், தண்ணீர் கொண்டுவர உதவாது. போதாததற்கு, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், பறவை வந்தால் வனத்துறை. ஒரே மறுகால் மூன்று அலுவலகங்களைக் கடந்து ஓடுகிறது.

இன்னொன்று. காய்ந்து கிடக்கும் கண்மாயைக் கெட்டுப்போனது என்று எழுதிவிடாதே. அங்கே ஆண்டு மழையே 800 மில்லிமீட்டர் அளவுதான்; அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் உள்வாயில் ஆடு மேயும், வண்டல் வயலுக்குப் போகும். காய்வதும் அதன் வாழ்க்கைதான். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கட்டும் என்று சொல்லி ஒரே சீராகக் குழி வெட்டச் சொல்வார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஓரத்தில் இருந்த கணுக்கால் ஆழமும் போய்விட்டால் உள்ளான் எங்கே நின்று இரை தேடும்? சீமைக்கருவேலம் பற்றி நிறையப் பேசியாயிற்று. தூரோடு எடுக்க வக்கில்லையென்றால் வெட்டாதே, இரட்டிப்பாகத் துளிர்க்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும் கேட்டுக்கொண்டு செய்.

உன் திட்டத்துக்கு உண்மையான சோதனை தை மாதத்தில் வரும். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் பறக்க மாசி, பங்குனி ஆகிவிடும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரைதான் நாயும் நரியும் அண்டாது. அதே தையில் பால்பிடித்த நெல் கடைசித் தண்ணீர் கேட்கும். மடையைத் திறந்தால் குஞ்சு போகும், அடைத்தால் கதிர் பதராகும். எந்தப் பக்கம் சரி என்று சென்னையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த மட்டத்துக்கு வந்ததும் மடையை அடைப்பது, அந்த வருஷம் விளையாமல் போன வயலுக்கு யார் ஈடு கொடுப்பது, அளவுகோலைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு: இந்த மூன்றுக்கும் விடை இல்லாத அறிக்கை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் எனக்கு அனுப்பாதே.

மூன்றாவதற்கு மட்டும் இப்போதே ஒரு விடை சொல்கிறேன். ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இன்னும் இருந்தால் அவரிடம் கொடு. எந்த மடை எத்தனை நாழிகை ஓடினால் எந்த வயல் நனையும் என்பது அவருக்குத்தான் தெரியும். கூலியை நெல்லாக வாங்கிய காலம் போய்விட்டது. அவருக்கு மாதச் சம்பளத்தை உன் மதிப்பீட்டில் ஏற்று. ஆவணிக்குள் ஊர்க்கூட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடு. தண்ணீர் வந்தபிறகு ஒருவரும் பேச உட்காரமாட்டார்கள், மடையில்தான் நிற்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்