கித்தாரின் இயல்பொலி கெடாமல் இருக்க…

மாணவர்களே, மின்கித்தாரின் கம்பியை மெல்ல மீட்டினால் சிறிய ஒலி. வலுவாக மீட்டினால் பெரிய ஒலி. இந்த இடைவெளியைக் குறைக்கும் மின்சுற்றுதான் கம்பிரசர் பெடல். அளவு மீறினால் கித்தாரின் இயல்பொலியும் மறைந்துவிடும். வாங்கும் முன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, விகிதம். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் ஒலியை மட்டுமே பெடல் சுருக்கும். வரம்புக்கு மேல் 12 டெசிபல் வந்தால், 4:1 விகிதத்தில் அது 3 டெசிபலாகச் சுருங்கும். 2:1 விகிதத்தில் 6 டெசிபல் எஞ்சும். குறைந்த விகிதமே இயல்புக்கு நெருக்கமானது.

இரண்டாவது, நேரம். கம்பியை மீட்டிய முதல் சில மில்லிவினாடிகளில்தான் ‘டிங்’ என்ற துல்லியமான தொடக்க ஓசை எழுகிறது. பெடல் உடனே செயல்பட்டால் அது மழுங்கிவிடும். ‘அட்டாக்’ குமிழ் இருந்தால் பெடலைச் சற்றுத் தாமதிக்கச் செய்யலாம்.

மூன்றாவது, கலவை. ‘பிளெண்ட்’ குமிழ், சுருக்காத மூல ஒலியையும் கலந்து தரும். 1970களில் வந்த எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் பெடலில் இரண்டே குமிழ்கள். எக்ஸாட்டிக் எஸ்பி பெடலில் பிளெண்ட் உண்டு.

கடையில் நம் காதே நம்மை ஏமாற்றக்கூடும். சற்று உரத்த ஒலி எப்போதும் சிறந்த ஒலியாகவே தோன்றும். ஆகவே, பெடலை இயக்கியும் நிறுத்தியும் கேளுங்கள். இரு முறையும் ஒலியளவு சமமாக இருக்கட்டும். அறிவியல் ஆய்வைப் போலவே இங்கும் ஒரு மாறியை மட்டும் மாற்றினால்தான் முடிவை நம்பலாம்.

சிந்திக்க: 3:1 விகிதத்தில் அந்த 12 டெசிபல் எவ்வளவாகும்?