வைரமுனையும் ஒளிவளையமும்

கல்லூரி ஆய்வுகூடத்திற் போயிலின் விதியைக் கற்ற நம்மனோர்க்கு அமுக்கம் என்றதும் இரசக் குழாயே நினைவுக்கு வரும். புவியின் நடுவிடத்திலுள்ள அமுக்கமோ ஏறத்தாழ 364 கிகாபஸ்கால்; வளிமண்டல அமுக்கத்தின் 36 இலட்சம் மடங்கு எனலாம். அதனை மேசைமீது உண்டாக்கி ஆராய்தல் கூடுமோ எனின், கூடும். அதற்கான ஒளிநிலையம் எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

இரு வைரங்களின் முனைகளை எதிரெதிராக வைத்து நெருக்கும் கைக்கடங்கிய கருவி 1958ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தில் உருவாயிற்று. முனை சிறுக்க அமுக்கம் பெருகும். முனையோடு ஆய்வுப் பொருளும் சிறுக்கவேண்டும். மிகவுயர்ந்த அமுக்கங்களில் ஆராயப்படும் இரும்புத் துணுக்கு தலைமயிரின் தடிப்பினும் சிறிது. இச்சிறுமையே நிலையத்தின் அமைப்பு முழுவதையும் ஆள்கின்றது.

சாதாரண எக்ஸ்-கதிர்க் குழாயின் ஒளி நாற்புறமும் பரவுவதாதலின் இத்துணுக்குக்குப் போதாது. சின்குரோத்திரன் வளையத்தில் ஒளியின் வேகத்தை அணுகியோடும் இலத்திரன்களைக் காந்தங்கள் வளைக்குமிடத்து ஒடுங்கிய, மிகப் பிரகாசமான கதிர் எழுகின்றது. 1947இல் நியூயோர்க் மாநில ஆய்வுகூடமொன்றில் இவ்வொளி முதன்முதற் கண்ணுக்குப் புலனாயிற்று. துணிக்கைகளின் சத்தியைப் பெருக்க முனைந்தோர் இதனை நட்டமென நொந்தனர். அந்நட்டமே பிறர்க்கு முதலாயிற்று! யப்பானில் 1997இல் திறக்கப்பட்ட 'ஸ்பிரிங்-8' வளையம் 1,436 மீற்றர் சுற்றளவும் 800 கோடி இலத்திரன்-வோல்ற்றுச் சத்தியும் உடையதாக அமைந்தது.

கதிர்களுள் எவற்றைத் தெரிவது? மென்கதிர்களை வைரமே விழுங்கிவிடும். அன்றியும், வைரத்தைத் தாங்கும் இருக்கையின் வாயில் ஒடுக்கமானது; பொருளிற் பட்டுச் சிதறிய கதிர்கள் அவ்வாயிலூடாகவே வெளிவரவேண்டும். அலைநீளம் குறைந்த வன்கதிர்கள் சிறுகோணத்திற் சிதறுதலால் அவையே ஏற்றன. வளைந்த ஆடிகள் இரண்டு, ஒன்று நிலைக்குத்தாகவும் மற்றையது கிடையாகவும், அக்கதிரைச் சில மைக்கிரோமீற்றர் அகலத்துக்குக் குவிக்கும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்பார்க்குக் கூறுவோம். துணுக்கை இருபுறமும் லேசராற் சூடாக்குவர். வைரம் வெப்பத்தை நன்கு கடத்துவதாதலின், காய்ந்த புள்ளிக்கு அயலே வெப்பநிலை விரைந்து வீழும். கதிர் அப்புள்ளியினும் அகன்றதாயின், சூடான இரும்பும் குளிர்ந்த இரும்பும் ஒரே படத்திற் கலந்து தோன்றும். கலந்ததை அறியாது எழுதப்படும் முடிவு, புவியின் அகத்தைப் பற்றிய பொய்யாகிவிடும். ஆதலின் கதிர், லேசர், வெப்பநிலையளக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒரே புள்ளியை நோக்கவேண்டும். தளம் சற்றே அதிர்ந்தாலும், அறையின் வெப்பம் சற்றே மாறினாலும் குறி தப்பும். வளையத்தைக் கட்டுவதினும் இதுவே அரிய பணி என்பது எம் கருத்து.

ஸ்பிரிங்-8இல் தத்தெனோ, ஹிரோசே முதலியோர் இரும்பை 377 கிகாபஸ்கால் அமுக்கத்திலும் 5,700 கெல்வின் வெப்பநிலையிலும் ஆராய்ந்து, அதன் அணுக்கள் அறுகோண நெருங்கடுக்காகவே நிலைப்பதை 2010இல் வெளியிட்டனர். இத்தகைய சோதனைகளிற் படம் பெறுமுன்னரே வைரம் பிளந்து எல்லாம் வீணாதலும் உண்டு. பிரான்சின் கிரெனோபிள் வளையம் பழைய சுரங்கத்துள்ளேயே மீளக் கட்டப்பட்டு 2020இல் திறக்கப்பட்டபோது, கதிரின் பிரகாசம் ஏறத்தாழ நூறு மடங்காயிற்று; படமெடுக்கும் நேரமும் அதற்கேற்பச் சுருங்கிற்று.