கரும்பும் ஜானகி அம்மையாரும்

சென்ற பெப்ருவரி மாதம் 11-ஆம் தேதியன்று நமது கலாசாலை மாணவியர், விஞ்ஞானத் துறையில் விளங்கிய பெண்மணிகளைப் பற்றிய படக்காட்சி ஒன்றை நூல்நிலையத் தாழ்வாரத்தில் அமைத்திருந்தனர். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டில் அந்நாளை விஞ்ஞானத் துறை மாதருக்கும் சிறுமியருக்கும் உரிய நாளாக வகுத்ததைப் பலரும் அறிவர். மேரி க்யூரி அம்மையார் முதலிய மேனாட்டாரின் படங்களுக்கு நடுவே, நம் நாட்டுத் தாவர நூல் வல்லுநராகிய டாக்டர் ஜானகி அம்மாளின் படமும் இருந்தது. அதன் கீழே, 'இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவர்' என்று பெரிய எழுத்தில் தீட்டியிருந்தனர்.

அதைப் படித்து நின்ற முதல் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை நோக்கி, "ஐயா, அதற்கு முன் நம் ஊர்க் கரும்பு இனிக்கவில்லையா?" என்று வினவினாள். உடனிருந்தோர் நகைத்தனர். எனக்கோ நகைக்கத் தோன்றவில்லை. அவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்ததே இக்கட்டுரையாயிற்று.

முதற்கண் உண்மையைக் கூறிவிடுவோம். கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது 1912-ஆம் ஆண்டில். பிற இடங்களில் அருகியே பூக்கும் கரும்பு அங்கே நன்கு பூத்தலின், கலப்பினம் உண்டாக்க அவ்வூர் ஏற்றதாயிற்று. டாக்டர் பார்பர் என்பவரும் டி. எஸ். வெங்கட்டராமன் அவர்களும் இனிய வெள்ளைக் கரும்பையும், ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலையும் கலந்து ஒரு புதுக் கரும்பைப் பெற்றனர். அதுவே கோ. 205 என்பது. தாயின் சாறும் தந்தையின் வன்மையும் ஒருங்கே அமைந்தமையால், வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் அது தாங்கிற்று. 1918-ஆம் ஆண்டில் அது பஞ்சாபு உழவர்க்கு வழங்கப்பட்டபோது, ஜானகி அம்மாள் சென்னையில் இன்னும் மாணவியாகவே இருந்தார். ஆதலின் கரும்புக்கு இனிப்பூட்டியவர் அவரல்லர். அவ்வாறு எழுதுவது முன்னோர் இருவரின் உழைப்பை மறைப்பதோடு நில்லாது, அம்மையார் மெய்யாகவே செய்த அரிய பணியையும் மறைத்துவிடுகின்றது. பெண்ணொருத்தியைப் பாராட்ட வேண்டுமென்றே பிறர் புகழை எடுத்து அவருக்குச் சூட்டுவானேன்? அவருடைய சொந்தப் புகழே போதுமானது.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் நீதிபதிகளுள் ஒருவர். தோட்டத்திலும் பறவைகளிலும் மிக்க ஆர்வமுடையவர். உடன்பிறந்தார் பலர். சகோதரிமார் மணம் புரிந்து இல்லறம் ஏற்க, இவர் மட்டும் படிப்பையே வேண்டினார். சென்னையில் இராணி மேரி கல்லூரியில் பயின்று, மாகாணக் கல்லூரியில் 1921-ஆம் ஆண்டு தாவர நூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாய் அமர்ந்தார். கீழ்த்திசைப் பெண்களுக்கென அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையில் ஏற்பட்டிருந்த பார்பர் உபகாரச் சம்பளம் (கரும்புப் பார்பர் வேறு, இந்தப் பார்பர் வேறு) அவருக்குக் கிடைத்தது. அங்கே எம். எஸ். பட்டமும், 1931-ஆம் ஆண்டில் டி. எஸ்ஸி. பட்டமும் பெற்றார். திருவனந்தபுரத்தில் சிறிது காலம் ஆசிரியத் தொழில் புரிந்து, 1934-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் நிலையத்தை அடைந்தார்.

அங்கே அவர் செய்தது யாது? இதனை அறியக் குரோமோசோம் என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். உயிரணு ஒவ்வொன்றின் உட்கருவிலும் நூற்றுண்டு போன்ற நுண்ணிய உறுப்புகள் சில உள. அணு இரண்டாகப் பிரியுங்காலத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் நோக்கின் அவை புலப்படும். பரம்பரைக் குணங்களைத் தாங்கிச் செல்வன இவையே. ஓர் இனத்திற்கு இத்தனை என்று பெரும்பாலும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும். நம் சமையலறை வெங்காயத்திற்கு 16. மக்காச்சோளத்திற்கு 20. மனிதருக்கு 46. மகரந்தத்திலும் சூலிலும் இவ்வெண்ணிக்கை பாதியாகி, இரண்டும் கூடும்போது மீண்டும் முழுமை பெறும்.

கரும்போ இவ்விதிக்கு எளிதில் அடங்குவதன்று. இனிய கரும்பின் குரோமோசோம்கள் 80. கோயமுத்தூர் நாணலுக்கு 64. இரண்டையும் கலந்தால் 40-உம் 32-உம் சேர்ந்து 72 ஆகவேண்டுமன்றோ? கோ. 205-இல் இருப்பனவோ 112! தாய்க்கரும்பு தன் பங்கைப் பாதியாக்காமல் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிடுகின்றது என்பதே இதன் இரகசியம். பிள்ளைக்குத் தாய்வீட்டுச் சீர் சற்று அதிகமாகவே வந்து சேர்கின்றது எனலாம். நாணலின் கணக்கும் ஊருக்கு ஊர் வேறுபடும். 40 முதல் 128 வரை அதன் வகைகள் காணப்படுகின்றன. இந்நாட்டின் பல பகுதிகளினின்றும் திரட்டிய நாணல் வகைகளின் குரோமோசோம்களைப் பொறுமையுடன் எண்ணி, அவற்றின் உறவுமுறையை ஆராய்ந்தவர் ஜானகி அம்மையார். இஃது ஏட்டுக் கணக்கன்று. எந்த நாணலை எந்தக் கரும்போடு சேர்த்தால் என்ன விளையுமென்று முன்னறிந்து செய்ய இக்கணக்கே வழிகாட்டுவது. அதுகாறும் கைப்பழக்கத்தாலும் நல்லூழாலும் நடந்துவந்த வேலைக்குக் காரண அறிவு துணையாயிற்று.

இன்னும் துணிந்து, கரும்பையே மக்காச்சோளத்தோடு கலந்து ஒரு செடியை உண்டாக்கினார். இரு வேறு பேரினங்களின் இக்கலப்பைக் குறித்து அவர் எழுதிய செய்தி 1938-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அச்செடி வயலுக்கு வரவில்லை. சர்க்கரை ஆலைக்கும் பயன்படவில்லை. ஆயினும் புல்லினங்களின் உறவு எத்துணைத் தூரம் நீளும் என்பதற்கு அது சான்று.

ஆடவர் நிறைந்த நிலையத்தில் தனித்த பெண்ணாய்ப் பணியாற்றுதல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர். 1939-ஆம் ஆண்டில் எடின்பரோவில் கூடிய மரபியல் மகாநாட்டிற்குச் சென்றவர், யுத்தம் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்கினார். குண்டுகள் விழுந்த இலண்டன் மாநகரில் இருந்துகொண்டே டார்லிங்டன் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். பின்பு விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் என்னும் மருந்தைச் செடிகளின் இளங்குருத்தில் இட்டுக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அம்மருந்து எங்கோ கடல் கடந்த பொருள் என்று மாணாக்கர் எண்ண வேண்டா. நம் வேலிகளில் கார்த்திகை மாதத்தில் சுடர்விடும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது அதுவே. கொடிய நஞ்சாதலின் யாரும் தொட்டு விளையாடற்க.

பிரதமர் நேரு அவர்கள் அழைக்க 1951-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வு இலாகாவைச் சீர்திருத்தும் பணியை ஏற்றார். முதுமையில் சென்னைச் சர்வகலாசாலையின் மதுரவாயல் ஆராய்ச்சித் தோட்டத்தில் மருந்துச் செடிகளிடையே காலங் கழித்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டிக் காட்டை நீரில் ஆழ்த்த முயன்றபோது, எண்பது வயதை எட்டியிருந்தும் எதிர்த்துக் குரல் கொடுத்தவருள் இவரும் ஒருவர். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களையும் எண்ணத் தொடங்கினார். 1984-ஆம் ஆண்டு பெப்ருவரி 7-ஆம் தேதி மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. மறுநாள் அவளையும் அவள் தோழியர் மூவரையும் சோதனைச் சாலைக்கு அழைத்து, வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ஒன்றன்மேலொன்று கிடக்கும் 16-ஐ எண்ணுவதற்கு நால்வருக்கும் ஒரு பிற்பகல் ஆயிற்று. ஒருத்தி 14 என்றாள். ஒருத்தி 17 என்றாள். "112-ஐ எப்படித்தான் எண்ணினார்களோ!" என்று ஒருத்தி கண்களைத் தேய்த்துக்கொண்டே கூறினாள். அன்று மாலை தாழ்வாரத்தின் வழியே சென்றபோது, படத்தின் கீழிருந்த பழைய வாசகத்தைக் காணவில்லை. அவ்விடத்தில், 'கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர்' என்று சற்றுச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது.