ஐப்பசி விடியலில் பறவை பார்க்க...

1. சென்னைப் பக்கம் ஐப்பசியில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது. அடுத்த ஒரு மணி நேரம்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும். ராத்திரி பெய்த மழை காலையில் விட்டிருந்தால் அவசியம் கிளம்புங்கள்.

2. வேக நடையும் பறவை பார்ப்பதும் சேராது. நடையை முடித்துவிட்டு, பழுத்த ஆலமரமோ அரசமரமோ இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாமே காக்கை நிறம்தான்.

3. இயர்போன் வேண்டாம். புதரின் உச்சியில் கரகரவென்று கத்துவது பழுப்புக் கீச்சானாக இருக்கலாம். வடக்கேயிருந்து வரும் விருந்தாளி. பிடித்த இடத்தை லேசில் விடாது. மறுநாளும் அங்கேயே தேடுங்கள். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் உட்கார்ந்திருக்கும்.

4. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, குட்டை வால்: இது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரம் போன்ற வடக்குக் காடுகளிலிருந்து இரவில் பறந்து வரும்போது, களைத்துப்போய் பால்கனியில் விழுந்து கிடப்பதுண்டு. துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து வைத்து, இருட்டான, சத்தமில்லாத மூலையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

5. பைனாகுலர் வாங்குவதானால் 8-க்கு 42 அளவு போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், மருந்து பாட்டிலிலும் ஷூ பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். முந்தானையால் துடைத்தால் கீறல் விழும்.

6. குறிப்பெடுக்கப் பென்சில். நனைந்தாலும் எழுத்து கரையாது.

7. மெர்லின் செயலி இலவசம்; குரலைக் கேட்டே பெயர் சொல்லும். கண்ணால் பார்த்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று அது பதறும்.

8. மொட்டைமாடியில் இரண்டு அங்குல ஆழ மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றாவிட்டால் டெங்கு கொசுதான் வரும்.

9. வேடந்தாங்கலுக்கு இப்போதே ஓட வேண்டாம். அங்கே கூட்டம் களைகட்டுவது டிசம்பர், ஜனவரியில். அதுவரை உங்கள் தெருவே போதும்.