இலவச அறிக்கையும் மாதாமாதப் பிடித்தமும்



சரக்குக்கு மாதிரி கொடுப்பது நமது தொழிலில் காலங்காலமாக உள்ள வழக்கம். துவரம் பருப்பில் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். வாங்கிச் சென்றவர் வேக வைத்துப் பார்க்கிறார். பிடித்தால் மூட்டை கேட்பார், பிடிக்காவிட்டால் வரமாட்டார். 'வேண்டாம் என்று நீர் சொல்லவில்லையே' என்று அடுத்த மாதம் ஒரு மூட்டையை அவர் கடையில் இறக்கிப் பில் போடுவோமா? மாட்டோம். ஆனால் இணையத்தில் சிலர் செய்யும் வியாபாரம் இப்படித்தான் இருக்கிறது. சும்மா இருந்தவரை வாங்கியவராக எழுதிக் கொள்கிறார்கள்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் குளிர்பதனப் பெட்டி வாங்குவதற்கு வங்கியில் கடன் கேட்டார். "உங்கள் ஸ்கோர் எவ்வளவு?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அன்றிரவே அவர் கைப்பேசியில் தேடி, 'ஒரு ரூபாயில் கடன் அறிக்கை' என்ற விளம்பரத்தைத் தொட்டார். அறிக்கை வந்தது, அத்துடன் மறந்துவிட்டார். ஐந்து மாதம் கழித்துப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால், மாதம் 299 ரூபாய் வீதம் ஐந்து முறை பிடித்தம், ஆக மொத்தம் 1,495 ரூபாய். அரிசி மூட்டைக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக் கொண்டால், இது 37 மூட்டை விற்ற லாபம். "ஒரு ரூபாய்தானே அண்ணாச்சி கொடுத்தேன்" என்று அவர் வந்து சொன்னபோது நமக்கும் வருத்தமாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கடன் அறிக்கை எதற்கு?

நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாம் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறுகின்றன. இந்நிறுவனங்களுக்கென 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். ஸ்கோர் 300 முதல் 900 வரை. நம்மில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள் ஆகையால், கடைக்கு வாங்கும் கடனும் நமது சொந்தப் பெயரிலேயே பதிவாகிறது. எனவே அறிக்கையைப் பார்ப்பது அவசியமே. பார்க்கும் வழியில்தான் கவனம் வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

இந்த வித்தை நம் நாட்டில் தோன்றியதல்ல. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்களுக்கு ஆண்டுதோறும் இலவச அறிக்கை பெறும் உரிமை கிடைத்தது. அதே சமயம் 'இலவச அறிக்கை' என்று விளம்பரம் செய்த எக்ஸ்பீரியன் குழும நிறுவனம் ஒன்று, 30 நாளுக்குள் ரத்து செய்யாதவர்களிடம் ஆண்டுக்கு 79.95 டாலர் பிடித்தது என்றும், அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2005இல் 9,50,000 டாலர் செலுத்தவும், வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரவும் அந்நிறுவனம் ஒப்புக் கொண்டது. 2017 ஜனவரியில் டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் ஆகியவை மீதும் நடவடிக்கை வந்தது. இலவசம் அல்லது ஒரு டாலர் என்று சொல்லிச் சேர்த்து, 7 அல்லது 30 நாளுக்குப் பின் மாதம் 16 டாலரும் அதற்கு மேலும் பிடித்ததாகப் புகார். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர உத்தரவானது 1 கோடியே 76 லட்சம் டாலருக்கும் மேல், அபராதம் தனி.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பது ஒருபுறம் இருக்க, அதே 'இலவசம்' என்ற சொல்லைக் காட்டிச் சந்தா சேர்த்தார்கள் என்பதே இதிலுள்ள பாடம்.

நமக்குள்ள உரிமை

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2017 ஜனவரி 1 முதல் மேற்சொன்ன நான்கு நிறுவனங்களும், தம்மிடம் கடன் பதிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். மூன்று மாதத்திற்கு ஒன்றாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் காசில்லாமல் பார்த்துக் கொள்ளலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

பிடித்தம் எப்படி நடக்கிறது?

ஒரு ரூபாய்க்குத்தானே என்று யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்துகிறோம். உண்மையில் நாம் சம்மதிப்பது ஒரு ரூபாய்க்கு அல்ல, தொடர் பிடித்தத்திற்கு. அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அந்தத் திரையிலேயே இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான பிடித்தத்திற்குப் பெரும்பாலும் ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் தேவையில்லை. ஆனால் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்பது 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயம். நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதையும் தள்ளிவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை

1. இலவசம் என்பவர் கார்டு எண்ணோ யு.பி.ஐ. சம்மதமோ கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இலவசத்திற்குக் கல்லாச் சாவி எதற்கு?

2. செயலியை அழித்துவிட்டால் பிடித்தம் நிற்காது. யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குச் சென்று சம்மதத்தை ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கி மூலம் ரத்து செய்யுங்கள்.

3. நிறுவனத்திடம் எழுத்தில் பணம் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். எளிதில் வெளியேற முடியாத சந்தாப் பொறி, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 முறைகளில் ஒன்று.

4. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கை வரி வரியாகப் பாருங்கள்.

நமது கடைக்காரர் இரண்டாவது வேலையைக் கடையில் உட்கார்ந்தே ஐந்து நிமிடத்தில் முடித்தார். ஆறாவது பிடித்தம் வரவில்லை. போன பணத்திற்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

கடன் சிட்டையில் பத்து ரூபாய் விடுபட்டாலும் கண்டுபிடிப்பவர்கள் நாம். அந்தக் கண்ணைக் கைப்பேசித் திரையிலும் வைப்போம்.