காலால் கற்றதை நாவால் கற்பித்தவர்

தான் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க இயலாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவப் பெருந்தகை. கல்விக்குச் சொன்ன இவ்வுரை விளையாட்டுக்கும் பொருந்தும். களத்தில் புகழ் பெற்ற எல்லோரும் நல்ல ஆசிரியராகி விடுவதில்லை. "எப்படி அடித்தீர்கள்?" என்று கேட்டால், "கால் தானாகப் போயிற்று" என்பவரே பலர். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சிறந்து விளங்கிய பி. கே. பானர்ஜியின் வாழ்வை இங்கே காண்போம்.

இளமை

பிரதீப் குமார் பானர்ஜி 1936 ஜூன் 23 அன்று வங்காளத்தின் ஜல்பாய்குரியில் பிறந்தார். ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, இளம் வயதிலேயே பீகார் அணிக்கு ஆடினார். 1954இல் கல்கத்தாவுக்கு வந்தவர், மறு ஆண்டே கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய கழகங்களுக்கு மாறாமல், ஆடிய காலம் முழுவதும் அந்த அணியிலேயே நிலைத்து நின்றார். அவர் ஆடிய கிழக்கு ரயில்வே 1958இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. மூன்று பெரிய கழகங்களைத் தவிர வேறோர் அணி மீண்டும் அப்பட்டத்தைப் பெற 2019 வரை, அதாவது 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று!

களத்தில் வீரர்

1956 நவம்பர் 1 அன்று நமது குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. அவ்வணியின் வலப்பக்க முன்னணி ஆட்டக்காரர் பி. கே. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரே அணித்தலைவர். பிரான்சுக்கு எதிராக 1-1 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் அவரே.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் ஆட்டத்தில் தம்மைத் தோற்கடித்த தென் கொரியாவையே இறுதி ஆட்டத்தில் இந்தியர் 2-1 என வென்று தங்கம் கொண்டனர். முதல் கோல் பி. கே. அடித்தது, இரண்டாவது ஜர்னயில் சிங் அடித்தது. இவ்வெற்றிக்குப் பின்னால் நின்றவர் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். புற்றுநோயின் வேதனையோடு அணியை நடத்தி, மறு ஆண்டே மறைந்தார். நல்ல ஆசிரியர் ஊட்டியது வீணாகுமா?

பயிற்சியாளர்

காயங்கள் பி. கே.யின் ஆட்டத்தை முடித்து வைத்தன. வேகமே முதலாக வாழ்ந்தவனுக்கு வேகம் போனபின் என்ன மிஞ்சும்? பி. கே.க்கு ரகீமிடம் கற்றது மிஞ்சியது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜி. எம். எச். பாஷாவுடன் சேர்ந்து அவர் பயிற்றுவித்த இந்திய அணி, ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. அதன்பின் 2023 வரை நடந்த ஆசிய விளையாட்டுகளில் ஆடவர் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

1975இல் அவர் பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால், ஐ. எஃப். ஏ. கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என வென்றது. பின்னர் மோகன் பகானுக்கே பயிற்சியாளரானார்! 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு அவர்கள் 2-2 எனச் சமன் செய்தனர்.

ஆட்டத்துக்கு முன் அவர் வீரரிடம் பேசும் பேச்சை வங்காளத்தார் 'வோக்கல் டானிக்' என்றனர். சொல்லால் ஊட்டும் சத்து மருந்து என்பது பொருள். 1997 ஜூலை 13 அன்று கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைக் காண கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். எதிரணியின் பயிற்சியாளர் ஈஸ்ட் பெங்கால் வீரர்களை முன்னதாகவே ஏளனம் செய்திருந்தார். அந்த ஏளனத்துக்குக் களத்தில் விடை கிடைத்தது: பி. கே.யின் அணி 4-1 என வென்றது. ஏளனத்துக்கு ஆளான பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல் அடித்தார். 1961இல் அர்ஜுனா விருதும் 1990இல் பத்மஸ்ரீயும் பெற்ற பி. கே., 2020 மார்ச் 20 அன்று காலமானார்.

நமக்குள்ள பாடம்

ரோம் சென்ற அதே அணியில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார்: சைமன் சுந்தர்ராஜ். அவரும் பயிற்சியாளராகி, 1973இல் எர்ணாகுளத்தில் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். நம் மேற்குக் கடற்கரையிலோ தூத்தூர், இரவிபுத்தன்துறை ஊர்களின் பிள்ளைகள் மணலில் பந்து உதைத்தே வளர்கின்றனர். இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அக்கரையின் மகனே.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்ற கேள்வி இன்னும் சில வீடுகளில் எழுகிறது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் கொண்டுவந்த தமிழக மகளிர் அணியே அதற்கு விடை. பெற்றோரே, அப்பெண்களும் யாரோ ஒருவர் கற்றுக் கொடுக்கக் கற்றவர்களே அன்றோ?

நம்முள் எத்தனை பேர் நாட்டுக்கு ஆடப் போகிறோம்? மிகச் சிலரே. ஆயினும் தான் கற்றதை மற்றொருத்திக்குச் சொல்லிக் கொடுக்க எல்லோராலும் முடியும். இவ்வாண்டு பள்ளியை விட்டுச் செல்லும் அக்காமாரே, போகுமுன் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தைத் தடுப்பது எப்படி என்று காட்டுங்கள்; தோற்றால் அழாமல் எழுவது எப்படி என்று சொல்லுங்கள். நம் மலர் மணம் வீசட்டும்!