ஓடிடி இலவசம் என்றார்கள். இப்போது சந்தா கேட்கிறார்கள்!

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்று மாதங்களுக்கு முன் 4,500 ரூபாய்க்குப் புதிய ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ் வாங்கினேன். 'ஓராண்டுக்கு 12 ஓடிடி இலவசம்' என்று கடையில் தமிழில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டி மேலும் நெட்ஃப்ளிக்ஸ் உட்பட வரிசையாக லோகோக்கள். இப்போது நான்கு ஆப்களில் சந்தா கட்டச் சொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று போன மாதத்தோடு நின்றுவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் திறக்கவே இல்லை. கேட்டால், "நிபந்தனைக்கு உட்பட்டதுன்னு நோட்டீஸ்லயே இருக்கே சார்" என்கிறார் கடைக்காரர். அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருப்பது உண்மைதான். பணம் திரும்பக் கிடைக்குமா? பக்கத்து வீட்டில் 'எல்லா ஓடிடியும் ஆயுள் முழுக்க' தெரியும் பாக்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பேசாமல் அதையே வாங்கிவிடலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: நோட்டீஸைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். இந்த மாதிரி வழக்குகளில் பலர் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, விற்கும்போது என்ன சொன்னார்கள் என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லாததால்.

ஒரு பாக்ஸில் ஆப் இருப்பது வேறு, அதற்கான சந்தா உங்களுக்குக் கிடைப்பது வேறு. பெட்டியின் மேல் லோகோ இருந்தால், அந்த ஆப் இதில் ஓடும் என்று மட்டுமே பொருள் என நிறுவனம் வாதிடும். வெறும் லோகோவை மட்டும் நம்பி இலவசம் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். ஆனால் உங்களிடம் 'இலவசம்' என்று எழுத்தில் இருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதான், தெளிவாகப் படிக்கும்படியும் இருக்க வேண்டும் என்கின்றன அவை. தமிழில் கொட்டை எழுத்தில் 'இலவசம்', ஆங்கிலத்தில் எறும்பு சைஸில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்பது இதற்கு நேர் விரோதம். கடைக்காரர் தனக்குக் கவசம் என்று நினைத்துக் காட்டும் அதே வரியை நீங்கள் ஆதாரமாகக் காட்டுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் விவகாரம் தனி. அதன் சான்று பெறாத பாக்ஸ்களில் அந்த ஆப் ஒழுங்காக ஓடாது; ஓடினாலும் படம் மங்கலாகத்தான் வரும். பெட்டியில் லோகோவை அச்சிட்டுவிட்டு, அது ஓடாத கருவியை விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளில் உள்ள குறைபாடு. இதில் சந்தாப் பேச்சுக்கே இடமில்லை.

நின்றுபோன ஆப் எது என்று நீங்கள் எழுதவில்லை. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதுபோல, ஆப் இன்னொன்றோடு இணைந்து, நிகழ்ச்சிகள் அங்கே உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன என்றால் பெரிய நஷ்டம் இல்லை, அதை விட்டுவிடுங்கள். மற்றபடி, ஓராண்டு தருகிறேன் என்றதை நடுவில் நிறுத்துவது சேவைக் குறைபாடு.

'எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்ற விதியை அவர்கள் காட்டக்கூடும். அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று நேரடியாகத் தாக்கலாம்; ஆனால் அந்தப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையத்தில்தான் போட முடியும். 4,500 ரூபாய்க்காக அதுவரை அலைவானேன்? நேர்மையற்ற வணிக முறை, பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். (எங்கள் தொழிலுக்கு இது நல்ல செய்தி அல்ல என்றாலும் சொல்லத்தானே வேண்டும்!)

முதலில், சந்தா கேட்கும் திரையையும் நெட்ஃப்ளிக்ஸ் திறக்காததையும் தேதி தெரியும்படி போனில் வீடியோ எடுங்கள். பில், நோட்டீஸ், அட்டைப்பெட்டி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பாக்ஸை இப்போது திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கடை, நிறுவனம் இரண்டுக்கும் 15 நாள் அவகாசம் தந்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல நிறுவனங்கள் அங்கேயே இறங்கிவந்துவிடும். மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துப் புகார் பதிவு செய்யுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு உண்டு.

முழுப் பணமும் கட்டாயம் வரும் என்று வாக்குத் தரமாட்டேன். மற்ற ஆப்கள் ஓடுகின்றனவே என்று ஆணையம் ஒரு பகுதியை மட்டும் தரச் சொல்லலாம், அல்லது ஓராண்டுச் சந்தாவை நிறுவனமே கட்ட வேண்டும் என உத்தரவிடலாம். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டு மனுவைக் கெடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாக்ஸ் வேண்டாம் ஐயா. சந்தா இல்லாமல் எல்லாம் ஆயுள் முழுக்கத் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் பதிப்புரிமையை மீறித் திருடி ஒளிபரப்புவது. ஒருநாள் நின்றுபோனால், பில்லும் இருக்காது, புகாரில் எழுத எதிர்தரப்பின் முகவரியும் இருக்காது.